அண்ணியிடம் திட்டு வாங்கியே வாழ்ந்தவர்

இப்போது மேற்கே, எங்கள் தலைநகர் தாலெக்வாவில் ஒரு வழக்கு என்றால் நீதிபதி வருகிறார், பெஞ்சில் வரிசையாக ஜூரிகள் உட்காருகிறார்கள், ஷெரீப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிறார். எங்கள் இளசுகள் இதைப் பார்த்துவிட்டு, உலகம் தோன்றிய நாள் முதல் செரோக்கி நாட்டில் இப்படித்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. கிழக்கே, கூசவட்டி ஆற்றங்கரையில் எங்கள் சோளக்காடு இருந்த காலத்தில், நீதிபதியும் இல்லை, பெஞ்சும் இல்லை. ஒரு உயிர் போனால் இன்னொரு உயிர். அதை வாங்கவேண்டியது செத்தவனின் குலம். அந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போனது. அதனால்தான் என் வகூலி சித்தப்பா கிழவராகும் வரை வாழ்ந்தார்.

வகூலி சித்தப்பா பெரிய ஆள் இல்லை. போரில் பெயர் வாங்கவில்லை, சபையில் எழுந்து நான்கு வார்த்தை கோர்வையாகப் பேசத் தெரியாது. மீன் பிடித்த கதையை அளப்பார், அவ்வளவுதான். அவர் சொல்லும் மீன் ஒவ்வொரு முறையும் ஒரு சாண் வளரும். என் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. இருவரும் மான் குலம். நானும் அம்மாவும் பறவைக் குலம், ஏனென்றால் குலம் அம்மா வழியாகத்தான் வரும். வீடு அம்மாவுடையது, காடு அம்மாவுடையது, பிள்ளைகளை அதட்டும் உரிமை தாய்மாமன்களுடையது. அப்பா எங்கள் வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், பாடினார். நல்ல மனிதர். ஆனால் எங்கள் குலத்துக்கு அவர் விருந்தாளி மாதிரிதான்.

அம்மாவுக்கு இரண்டு சகோதரர்கள். மூத்தவர் தக்சி மாமா. தக்சி என்றால் ஆமை. பெயர் வைத்த பிறகு அப்படி ஆனாரா, ஆளைப் பார்த்துப் பெயர் வைத்தார்களா என்று ஊரில் யாருக்கும் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டால் ஆறிய பிறகு வருவார். இளையவர் சலோலி மாமா. அம்மா அவரைத் தூக்கி வளர்த்தவள், தன் பிள்ளை மாதிரிதான் பார்த்தாள். சலோலி மாமாவும் வகூலி சித்தப்பாவும் சின்ன வயதிலிருந்தே ஒட்டிப் பிறந்தவர்கள்போலத் திரிவார்கள். இருவருக்கும் ஒரே போட்டிதான், காட்டு வான்கோழி மாதிரி யார் நன்றாகக் கத்துவது. தொண்டைக்குள்ளிருந்து கத்தி அதை வரவழைத்துச் சுடுவது எங்கள் பக்கத்து வேட்டை. சலோலி மாமா கத்தினால் எங்கள் வீட்டு நாய்கள்கூட எழுந்து காட்டுப்பக்கம் ஓடும்.

நான் கல்யாணமாகி முதல் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டிருந்த வருடம். இலையுதிர் காலம், செஸ்ட்நட் மரத்துக் காய் உதிர்கிற சமயம், விடிகிற நேரம், மலையில் ஒரே பனிமூட்டம். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக ஏறியிருக்கிறார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வான்கோழி கத்தியது. இந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா பதில் கத்தினார். அது நெருங்கி வந்தது, இவரும் நெருங்கிப் போனார். புதர் அசைந்தது, சுட்டார். புதருக்குள் வான்கோழி இல்லை.

சித்தப்பா சலோலி மாமாவைத் தோளில் சுமந்துகொண்டு மலையிறங்கி வந்தார். எங்கள் வாசலில் படுக்க வைத்தார். சித்தப்பா எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அம்மா கையை நீட்டி, "பேசாதே, போ" என்றாள். இரத்தக் கணக்கு முடியாத வரை இரண்டு பக்கமும் பேசக்கூடாது என்பது முறை. சித்தப்பா சட்டையெல்லாம் இரத்தமாக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கிடப்பவர் என் மாமா, போகிறவர் என் சித்தப்பா. எந்தப் பக்கம் அழுவது என்றே தெரியவில்லை.

வேண்டுமென்று செய்ததா, கை தவறியதா என்று பழைய சட்டம் கேட்காது. உயிருக்கு உயிர். அதை வாங்கவேண்டியது மூத்தவர் தக்சி மாமா. கொன்றவன் ஓடிவிட்டால் அவன் குலத்தில் கைக்கு எட்டுகிற ஆள் போகவேண்டும். சித்தப்பா ஓடினால் கைக்கு முதலில் எட்டுவது யார்? எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சோளக்கஞ்சி குடித்துக்கொண்டிருந்த என் அப்பா.

"இந்தா வலினி, தம்பி ஓடிப்போயிட்டான்னா அடுத்தது நான்தானே?" என்று அப்பா ஒரு நாள் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"அதனாலதான் அவன் ஓடமாட்டான். நீ பேசாம குடி."

"இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது?"

சித்தப்பா ஓடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன் மனைவியின் வீட்டில் இருந்தார். கூரையைச் சரி செய்தார், வலை பின்னினார். வெளியே உட்காரும்போது எங்கள் வீடு இருக்கும் திசையைப் பார்த்தே உட்காருவார் என்று சொன்னார்கள்.

அம்மாவைக் கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பழி வாங்காத வரை செத்தவனின் உயிர் மேற்கே இருக்கும் இருட்டு நாட்டுக்குப் போக முடியாது, வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. தம்பி பசியோடும் குளிரோடும் கூரை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். காற்றில் கதவு ஆடினால் எழுந்து போய்த் திறந்து பார்ப்பாள். அவள் இளைத்துப் போனதை என்னால் பார்க்க முடியவில்லை. தக்சி மாமாவோ, எந்த அவசரமும் இல்லாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, துப்பாக்கி என்ன ஆச்சு?"

"கல்லு தேஞ்சு போச்சும்மா. பொறி வரமாட்டேங்குது."

"போன மாசமே புதுக்கல்லு மாத்தினேன்னியே?"

"மாத்தினேன். அதுவும் தேஞ்சு போச்சு."

"சுடாமலே தேயுற கல்லை இப்பத்தான் கேள்விப்படறேன்."

கல்லுக்குப் பிறகு கால்வலி. கால்வலிக்குப் பிறகு ஆற்றில் வெள்ளம். வெள்ளம் வடிந்ததும், பனிக்காலத்தில் கிளம்பினால் தடம் தெரியும் என்றார். "தடம் தெரிஞ்சா என்ன? அவன் என்ன ஒளிஞ்சா இருக்கான்?" என்று அம்மா கத்தினாள். தக்சி மாமா தலையைச் சொறிந்துகொண்டு, அதையும் யோசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு நாள் ஆற்றுத்துறையில் தண்ணீர் மொள்ளும்போது அவர்கள் இருவரையும் பார்த்தேன். இந்தக் கரையில் மாமா, அந்தக் கரையில் சித்தப்பா. பேசக்கூடாது என்பதால் இருவரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, ஆற்றிடம் சொல்வதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான் எப்ப வர்றதா உத்தேசமோ தெரியல. முன்னாடியே தெரிஞ்சா நான் இவ்வளவு விறகு வெட்டவேணாம்" என்றார் சித்தப்பா.

"விறகு வெட்டறவன் வெட்டிக்கிட்டே இருக்கலாம். இந்த வருஷம் குளிர்காலம் நீளமா இருக்கும்போல" என்றார் மாமா.

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

நாட்டில் அப்போது வேறு காற்று வீசிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொரு ஊராகப் பிரித்துப் பேசி நிலத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கூட்டம் மேற்கே போய்விடலாம் என்றது, இன்னொரு கூட்டம் அவர்களைத் துரோகி என்றது. எல்லா ஊரும் ஒரே நாடாக நிற்காவிட்டால் காலடி மண்ணும் மிஞ்சாது என்று பெரியவர்கள் புரிந்துகொண்டார்கள். முந்தின இலையுதிர் காலத்தில்தான் நாட்டுக் காரியங்களைப் பார்க்கப் பதின்மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை அமைத்திருந்தார்கள். குதிரைத் திருடர்களைப் பிடிக்கக் குதிரைக் காவலர்கள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்தது இரத்தக் கணக்கு. குலத்துக்குக் குலம் வெட்டிக்கொண்டிருந்தால் நாடு எங்கே நிற்கும்?

வசந்தத்தில், டாக்வுட் மரம் பூக்கும் சமயத்தில் தூதன் வந்தான். செரோக்கிகளின் ஏழு குலமும் உஸ்தனாலியில் கூடும் பெரிய சபைக்கு வரவேண்டும். பழைய இரத்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட ஏழு குலமும் சம்மதமா என்று கேட்கப் போகிறார்கள். இனிமேல் கொலைக்குத் தண்டனை கொடுப்பது நாட்டின் வேலை.

தக்சி மாமாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. குளிர்காலம் முழுக்க அவர் எதற்காக இழுத்தடித்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இப்படி ஒரு பேச்சு அடிபடுகிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அம்மா கேட்டாள், "என் தம்பி கணக்கை விடறதுக்கு இவங்க யாரு? யாரைக் கேட்டு?"

"எல்லாரையும் கேக்கத்தாம்மா கூப்பிடறாங்க."

"அப்ப நானும் வர்றேன்."

மாமாவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

எங்கள் சபையில் யாரும் எழுந்து நின்று "முடியாது" என்று கத்தமாட்டார்கள். அது மரியாதை இல்லை. சம்மதம் இல்லாதவர் பேசாமல் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் வெளியே போனால் அந்தக் குலத்தின் பேச்சு முழுமையாகவில்லை என்று அர்த்தம். உட்கார்ந்திருந்தால் சம்மதம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா உஸ்தனாலிக்குப் புறப்பட்டது உட்காருவதற்கு இல்லை என்பதும் தெரியும். நான் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தேன். தக்சி மாமா அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஊரே ஆச்சரியப்பட்டது.

சபைக்கூடத்துக்கு ஏழு பக்கம், பக்கத்துக்கு ஒரு குலம், நடுவில் நெருப்பு. நெருப்புக்கு அந்தப் பக்கம் மான் குலம். அப்பாவும் சித்தப்பாவும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூடத்துக்குள் நுழையும்போது தக்சி மாமா கூரையைப் பார்த்தபடி, "இங்கேயே வந்துட்டா நல்லது. எனக்கு நடை மிச்சம்" என்றார். சித்தப்பா நெருப்பைப் பார்த்துச் சிரித்தார். அவர் உதடு வெளுத்திருந்தது.

பேச்சாளராக இருந்த முதியவர் நீண்ட நேரம் பேசினார். கை தவறி நடந்ததைக் கொலையென்று எண்ணவேண்டாம் என்றார். இதுவரை தீராத கணக்கையெல்லாம் மண்ணைப் போட்டு மூடிவிடலாம் என்றார். பிறகு ஒவ்வொரு குலமாகத் திரும்பிக் கேட்டார். ஓநாய்க் குலம் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த குலமும் உட்கார்ந்திருந்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

அம்மா எழுந்தாள்.

தக்சி மாமா கண்ணை மூடிக்கொண்டார். கூடத்தில் இருமல் சத்தம்கூட இல்லை. வாசல் எங்களுக்கு வலது பக்கம். அம்மா வலது பக்கம்தான் திரும்பினாள். ஆனால் அவள் வாசலைத் தாண்டி, நெருப்பைச் சுற்றிக்கொண்டு போய், மான் குலத்துக்கு முன்னால் நின்றாள். முறையை மீறி, எல்லோர் காதிலும் விழும்படி, சித்தப்பாவிடம் கேட்டாள்.

"சாகும்போது என்னடா சொன்னான்?"

குளிர்காலம் முழுக்க அவள் மனதில் கிடந்தது இந்தக் கேள்விதான். நாங்கள் எல்லோரும் உயிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். சலோலி மாமா கடைசியாக என்ன சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்க விடவும் இல்லை.

சித்தப்பா எழுந்து நின்றார். அப்பா அவர் முழங்கையைத் தட்டினார்.

"அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லுன்னான் அண்ணி. 'திட்டுவா. எதிர்த்துப் பேசாதே, பொறுத்துக்கோ'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அப்புறம் பேச்சு வரலை."

அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்!

"கண்ணு எதுக்குடா இருக்கு உனக்கு? காதை வெச்சா சுடுவாங்க? வான்கோழி இவ்வளவு ஒசரமாவாடா இருக்கும்? அவனுக்கு அம்மை போட்டப்ப ராத்திரி பகல் பார்க்காம நான் காப்பாத்தினவன்டா அவன். உன்னை நம்பித்தானே காட்டுக்கு விட்டேன்? என் வீட்டுல எத்தனை நாள் தின்னிருப்பே? போன வருஷம் வாங்கிட்டுப் போன கோடாலி எங்கடா? திருப்பிக் குடுத்தியா? ஒரு வேலை உருப்படியா செஞ்சிருக்கியா நீ? உங்க அண்ணன் ஒருத்தன், நீ ஒருத்தன், மான் குலத்துல ஆம்பளைங்களைச் சோறு போட்டு வளர்த்தாங்களா, இல்ல..."

ஏழு குலமும் கேட்டுக்கொண்டிருந்தது. கோடாலிக்கு வந்தபோது ஓநாய்க் குலத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சித்தப்பா கண்ணீர் தாடையில் ஒழுக, அசையாமல் நின்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேச்சாளர் குறுக்கிடவில்லை. எழுதுவதற்காக உட்கார்ந்திருந்தவர் எதை எழுதுவது என்று தெரியாமல் இறகுப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா திட்டித் திட்டி ஓய்ந்து போனாள். குரல் கம்மிவிட்டது. நெருப்பைச் சுற்றித் திரும்பி நடந்து வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் மறுபடியும் எழுவாளோ என்று பேச்சாளர் காத்திருந்தார். அவள் எழவில்லை. அவர் அடுத்த குலத்தின் பக்கம் திரும்பினார்.

அப்படித்தான் என் சித்தப்பா உயிரோடு வீடு திரும்பினார். ஆனால் திட்டு அன்றோடு முடிந்தது என்று நினைத்தால் உங்களுக்கு என் அம்மாவைத் தெரியாது. அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும் திட்டினாள். சோளம் விதைக்கிற இடத்தில், நடனத்தில், நடுத்தெருவில். சித்தப்பாவும் வேறு வழியாகப் போகவில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, எங்கள் வாசல் வழியாக வருவார், நிற்பார், கேட்டுக்கொள்வார், போவார். புதிதாக ஊருக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள். "அண்ணி இன்னைக்கு நல்ல வேகத்துல இருக்காங்க" என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் நகர்ந்துவிடுவார்.

எங்கள் நாடு வளர்ந்துகொண்டே போனது. எட்டு மாவட்டம் பிரித்தார்கள், மாவட்டத்துக்கு நீதிமன்றம் வந்தது. சித்தப்பாவை ஒரு தடவை ஜூரியில் உட்கார வைத்தார்கள், ஒரு கொலை வழக்கு. எல்லாம் கேட்டு முடித்ததும் அவர் எழுந்து, "செத்தவனோட அக்கா, தங்கச்சி யாராச்சும் வந்திருக்காங்களா? அவங்க இவன்கிட்ட பேசினாங்களா?" என்றார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றார் நீதிபதி. "அப்ப சட்டத்துல கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை ஜூரிக்குக் கூப்பிடவில்லை.

அரசியல் சாசனம் எழுத ஆள் அனுப்பும் தேர்தல் வந்தது. ஆண்கள் ஒவ்வொருவராகப் போய் வாயால் பெயர் சொல்லவேண்டும். பெண்களுக்குக் குரல் இல்லை. சித்தப்பா நேராக எங்கள் வாசலுக்கு வந்து, "யாரைச் சொல்லட்டும் அண்ணி?" என்று கேட்டார்.

"என்னை ஏண்டா கேக்கறே? அன்னைக்கு நான் எழுந்து நின்னப்ப ஏழு குலமும் மூச்சு விடலை. இன்னைக்கு நான் எழுந்து நின்னா எவனுக்காவது நிழல் கிடைக்கும், அவ்வளவுதான். போடா, உங்க இஷ்டத்துக்கு எவன் பேரையாவது சொல்லு!"

சித்தப்பா போய், வரிசையில் நின்று, அவர் முறை வந்ததும் அம்மாவின் பெயரைச் சொல்லியிருக்கிறார். சிரித்தார்கள், எழுதவில்லை. புதுத் தலைநகரான நியூ எகோட்டாவில் அழகான சபைக் கட்டிடம் எழும்பியது. நானும் போய்ப் பார்த்துவிட்டுப் பெருமைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஏழு பக்கக் கூடத்தின் புகை வாசனை என்னை இப்போதும் ஏங்க வைக்கிறது. அங்கே அழுகைக்கும் கோடாலிக்கும் இடம் இருந்தது.

அவ்வளவு கட்டி எழுப்பியும் நிலம் தங்கவில்லை. வெள்ளைக்காரர்களின் சிப்பாய்கள் வந்தார்கள். அடுப்பில் இருந்ததை இறக்கக்கூட விடாமல் எங்களை ஓட்டிக்கொண்டு போய் வேலிக்குள் அடைத்தார்கள். தக்சி மாமாவும் அப்பாவும் அதற்கு முன்பே கண்ணை மூடியிருந்தார்கள், நல்லவேளை. பனிக்காலத்தில் மேற்கே நடக்க வைத்தார்கள். பெரிய ஆற்றில் பனிக்கட்டி மிதந்ததால் கடக்க முடியாமல் கிழக்குக் கரையிலேயே கிடந்தோம்.

அம்மா வண்டியில் படுத்திருந்தாள், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கும் வயதாகிவிட்டது, தடி ஊன்றித்தான் நடந்தார். வழி முழுக்க அவள் வண்டிச் சக்கரத்தை ஒட்டியே வந்தார். ஆரம்பத்தில் திட்டு குறையில்லாமல் கிடைத்தது. வரவர அது ஒற்றை வார்த்தையாகச் சுருங்கியது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

ஒரு நாள் உச்சி வெயில், வெயில் என்று பெயர்தான், சூடே இல்லை. சித்தப்பா வண்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணி, நான்தான், வகூலி. ஏதாச்சும் திட்டுங்க அண்ணி."

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு. என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

அவள் மெல்லக் கண்ணைத் திறந்தாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாடையெல்லாம் எலும்பாக, உதடு வெடித்துப்போய் நின்றிருந்த அந்தக் கிழவரை அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சாப்பிட்டியாடா?" என்றாள்.

சித்தப்பா சக்கரத்தின் அருகே பனியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் எழுந்திருக்கவில்லை. இனிமேல் தன்னைத் திட்ட ஆளில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.